3 வயசு பையன், தட்டை பார்த்தாலே ஓட்டம்: ஊட்டி விடறதா, பசிக்கட்டும்னு விட்டுடறதா?

மூணுவயசு_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு மூணு வயசு தாண்டிடுச்சு. ஒரு வயசு வரைக்கும் எதை குடுத்தாலும் சப்பு கொட்டி சாப்ட்ட புள்ள, நடக்க ஆரம்பிச்ச பிறகு ஒவ்வொண்ணா கழிச்சுகட்டி இப்போ வெறும் சாதம், தயிர், ரொட்டி, வாழைப்பழம், பிஸ்கட், அப்புறம் பால், இவ்ளோதான் அவன் லிஸ்ட். சாதத்துல பச்சையா ஒரு துணுக்கு தெரிஞ்சா மொத்த தட்டையும் தள்ளிடுவான், அந்த துணுக்கை எடுத்து போட்டாலும் அந்த சாதம் வேணாம், வேற தட்டு வேற சாதம் வேணும். வாழைப்பழம் உரிக்கும்போது ஒடிஞ்சிடுச்சுன்னா அதுவும் வேணாம். போன்ல வீடியோ ஓடினா மட்டும் வாயை திறக்கறான், என்ன உள்ள போகுதுன்னே அவனுக்கு தெரியறதில்ல, வீடியோ நின்னா வாயும் மூடிக்கும். வீட்டுக்காரர் பசிச்சா தானா வருவான் விடுங்கறார், மாமியார் இப்படியே விட்டா புள்ள எலும்பும் தோலுமா ஆயிடுவான்னு கண்ணு கலங்கறாங்க, ரெண்டு பேர் சொல்றதுலயும் பாசம்தான் இருக்கு, ஆனா தட்டோட பின்னாடி ஓடுறது நான். ஒரு வேளை ஊட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த வேளை வந்துடுது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, ஊட்டறதா விடறதா?

இரட்டைக்குட்டி:
முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் சிஸ், இது உங்க வளர்ப்புனால வந்தது இல்ல. எனக்கு ட்வின்ஸ், ஒரு பொண்ணு ஒரு பையன். ஒரே வயிறு, ஒரே சமையல், ஒரே டேபிள். பொண்ணு கண்ணுல பட்டதெல்லாம் சாப்பிடுவா, பையன் பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையையும் திருப்பி திருப்பி பார்ப்பான். நான் என்ன ஒருத்திக்கு நல்ல அம்மாவாவும் இன்னொருத்தனுக்கு கெட்ட அம்மாவாவுமா இருந்தேன்? யூனிவர்சிட்டி காலேஜ் லண்டன்ல இரட்டைக் குழந்தைகளை பல வருஷம் தொடர்ந்து கவனிச்ச ஆய்வு ஒண்ணு 2024ல வந்தது, சாப்பாட்டுல பிடிவாதம் பிடிக்கிறதுல குழந்தைக்கு குழந்தை இருக்கிற வித்தியாசத்துல 16 மாசத்துல சுமார் 60 சதவீதம், 3 வயசுக்கு மேல 74 சதவீதமோ அதுக்கு கூடவோ மரபணு சம்பந்தப்பட்டதுன்னு சொன்னாங்க. அதை படிச்ச அன்னிக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன். அதனால நாம ஒண்ணுமே பண்ண முடியாதுன்னு அர்த்தம் இல்ல, ஆனா உங்களை யாராவது குத்தம் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

எங்க வீட்ல வேலைக்கு ஆனது ஒரு காலி கிண்ணம். பையன் தட்டு பக்கத்துல அதை வச்சிருவோம், வேணாம்னா அதுல போட்டுக்கலாம், கத்த வேணாம், தள்ள வேணாம், ஏன்னு யாரும் கேட்க மாட்டோம். பீன்ஸ் ஆரம்பத்துல நேரா அந்த கிண்ணத்துக்குதான் போகும். அப்புறம் ஒரு தடவை கையில எடுத்து நசுக்கி உள்ள இருந்த குட்டி விதையை மட்டும் வெளிய எடுத்தான், மோந்து பார்த்தான், நுனி நாக்குல வச்சான், கிண்ணத்துல போட்டுட்டான். நானும் அவரும் மூச்சு விடாம சாப்ட்டுட்டு இருந்தோம், நல்ல பையன்னு கூட சொல்லல, சொன்னா அவனுக்கு வெட்கம் வந்துடும். இப்போ அந்த விதையை மட்டும் சாப்பிடறான், தோலை கிண்ணத்துல போடறான். அதுவே எனக்கு போதும்.

பாட்டி_பேசுறேன்:
கண்ணு, நான் புள்ளைங்களையும் பேரப்புள்ளைங்களையும் வளர்த்தவ, அதனால கொஞ்சம் உரிமையா பேசுறேன். பசிச்சா தானா சாப்பிடும்னு சொல்றது கேட்க நல்லா இருக்கு, ஆனா மூணு வயசு புள்ளைக்கு விளையாட்டுல பசியே தெரியாது. தெரியும்போது அழுகையா வரும், அழுகையில சாப்பிட முடியாது, அப்படியே தூங்கிடும். பெரியவங்கதான் பசி வர்றதுக்கு முன்னாடியே கூப்பிட்டு உட்கார வைக்கணும். இன்னொண்ணு, புள்ளையை தனியா உட்கார வச்சு நாலு பேர் சுத்தி நின்னு அது வாயையே பார்த்துட்டு இருந்தா அதுக்கு எப்படி இறங்கும்? வேற புள்ளைங்களோட உட்கார வைங்க, நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்க. ஊட்டுறது தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க, அது பாசம். முடியாத நாள்ல ரெண்டு வாய் ஊட்டினா ஒண்ணும் கெட்டுப் போயிடாது.

உணவியல்_அக்கா:
குழந்தைகள் பிரிவுல டயட்டீசியனா வேலை பார்க்கிறேன், இந்த கேள்வி வராத நாளே கிடையாது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ஒரு வயசுக்கு அப்புறம் பசி குறையறது இயற்கை, அதை நோயா பார்க்க வேணாம். உலக சுகாதார நிறுவனம் 2006ல வெளியிட்ட வளர்ச்சி அட்டையை எடுத்து பாருங்க, நடுத்தரமா வளர்ற ஆண் குழந்தை பிறக்கும்போது 3.3 கிலோ, ஒரு வயசுல 9.6, ரெண்டு வயசுல 12.2, மூணு வயசுல 14.3. அதாவது முதல் வருஷம் ஆறு கிலோவுக்கு மேல ஏறின உடம்பு அடுத்த வருஷம் ரெண்டரை கிலோ சொச்சம்தான் ஏறுது, அதுக்கடுத்த வருஷம் இன்னும் கம்மி. வளர்ற வேகம் பாதிக்கு மேல குறையும்போது பசி மட்டும் அப்படியே இருக்குமா? நாம முந்தின வருஷத்து அளவை மனசுல வச்சுகிட்டு தட்டை நிரப்பறோம். ஒவ்வொரு பண்டத்துலயும் வயசுக்கு ஒரு டேபிள்ஸ்பூன்னு ஒரு தோராய கணக்கு உண்டு, மூணு வயசுக்கு மூணு ஸ்பூன் காய், அதுவே முழு பங்கு. அவன் சாப்பிடாத காயா இருந்தா அரை ஸ்பூன் வச்சா போதும், வேணும்னா கேட்கட்டும்.

அடுத்து, புதுசா எதை பார்த்தாலும் பயப்படறது. ரெண்டு வயசுல இருந்து ஆறு வயசுக்குள்ள இது உச்சத்துல இருக்கும். தானா நடக்கற புள்ள கண்ட இலையையும் காயையும் வாயில போட்டுடாம இருக்க இயற்கையே வச்ச காவல்னு ஆராய்ச்சியாளர்கள் காரணம் சொல்றாங்க, பச்சை நிறத்தையும் கசப்பையும் பார்த்து முதல்ல மிரள்றது அதனாலதான். பழகற வரைக்கும்தான் அந்த பயம். எட்டுல இருந்து பதினஞ்சு தடவை வரைக்கும் அதே பண்டம் கண்ணுல படணும், வாயில படணும். பெரும்பாலான வீட்ல மூணாவது நாலாவது தடவையே இவனுக்கு கேரட் பிடிக்காதுன்னு முடிவு கட்டிடறோம், அதுக்கப்புறம் அவன் தட்டுக்கு கேரட் வர்றதே இல்ல.

ஊட்டறதா விடறதான்னு கேட்டீங்க, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு. எலின் சாட்டர்னு அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்ன பங்கீடு, நாங்க தினமும் இதைத்தான் சொல்லி அனுப்பறோம். என்ன சாப்பாடு, எப்போ, எங்க உட்கார்ந்து, இது மூணும் பெரியவங்க முடிவு. சாப்பிடறதா வேணாமா, எவ்ளோ, இது ரெண்டும் குழந்தை முடிவு. அதனால உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரி, பாட்டிம்மா சொல்றதுல பாதி சரி, நேரத்துக்கு கூப்பிட்டு உட்கார வைக்கறது நம்ம வேலை, வாயை திறக்கறது அவன் வேலை.

இப்போ நான் ஒண்ணு கேட்கறேன். லிஸ்ட்ல கடைசியா "அப்புறம் பால்"னு போட்டிருக்கீங்க. ஒரு நாளைக்கு எவ்ளோ பால் குடிக்கறான்? ராத்திரி பாட்டில் உண்டா?

மூணுவயசு_அம்மா:
அக்கா இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு ரொம்ப நன்றி. பால் காலைல எழுந்ததும் ஒரு பாட்டில், சாப்பாடு சரியா இறங்கலன்னா அதுக்கு பதிலா ஒண்ணு, சாயங்காலம், தூங்கும்போது, நடுராத்திரி முழிச்சா கொஞ்சம். கூட்டி பார்த்தா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வரும். சாதம்தான் போகல, பாலாவது போகட்டுமேன்னு எல்லாரும் நினைச்சோம்.

உணவியல்_அக்கா:
முடிச்சு அங்கதான் இருக்கு தங்கச்சி. ஒரு லிட்டர் கொழுப்பெடுக்காத பால்ல 600 கலோரிக்கு மேல இருக்கு, மூணு வயசு குழந்தைக்கு ஒரு நாள் முழுக்க தேவையே 1000ல இருந்து 1400தான். பாதி வயித்தை பால் பிடிச்சுகிச்சு, அப்புறம் மதியம் பசி எப்படி வரும்? அதைவிட பெரிய விஷயம் இரும்புச்சத்து. இந்த வயசுக்கு தினம் 7 மில்லிகிராம் இரும்பு வேணும், ஒரு லிட்டர் பசும்பால்ல அரை மில்லிகிராம் தேறினா பெருசு, அதோட பால்ல இருக்கிற கால்சியமும் புரதமும் மத்த சாப்பாட்டுல இருந்து வர்ற இரும்பையும் சரியா உள்ள போக விடாது. இரும்பு குறைஞ்சா பசியே மந்தமாயிடும், பசி மந்தமானா இன்னும் பால்தான் குடிப்பான், இது சுத்திகிட்டே இருக்கும். அரை லிட்டருக்குள்ள கொண்டு வாங்க, பாட்டிலை நிறுத்தி கப்புக்கு மாத்துங்க, ராத்திரி பால் பல்லுக்கும் கெடுதல். ஒரே நாள்ல நிறுத்த வேணாம், கொஞ்சம் கொஞ்சமா அளவை குறைங்க. முதல் வேலையா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போய் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துடுங்க. மண்ணு, சுவத்து சுண்ணாம்பு, ஐஸ் கட்டி மாதிரி எதையாவது தேடி தின்னறானான்னும் கவனிங்க. மலச்சிக்கல் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, வயிறு கட்டிகிட்ட குழந்தைக்கு பசிக்காது, அதிகமா பால் குடிக்கற குழந்தைங்ககிட்ட இதை நிறைய பார்க்கறோம்.

அப்பா_ட்யூட்டி:
எங்க வீட்ல சாயங்கால சாப்பாடு என் பொறுப்பு. நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், அக்கா சொல்ற மாதிரி முழுசா குழந்தை முடிவுன்னு விட்டா என் பொண்ணு தினமும் பிஸ்கட்தான் முடிவு பண்ணுவா. ரெண்டு வாய் காய் சாப்டா ஐஸ்க்ரீம்னு டீல் போட்டேன், காய் உள்ள போச்சு. இதுல என்ன தப்பு? உள்ள போனா சரிதானே.

இரட்டைக்குட்டி:
ப்ரோ, உள்ள போகும், ஆனா அவ மனசுல என்ன பதியும்? ஐஸ்க்ரீம் பரிசு, காய் அதுக்கு குடுக்கற தண்டனைன்னுதானே. லியன் பர்ச்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1984லயே இதை சோதிச்சு பார்த்தாங்க. இதை குடிச்சா அது கிடைக்கும்னு சொல்லி குடுத்த பானம், பிறகு அந்த குழந்தைகளுக்கு முன்னைவிட பிடிக்காம போச்சு. டீல் போடற வரைக்கும்தான் காய் ஓடும், டீலை நிறுத்தினா காயும் நின்னுடும்.

உணவியல்_அக்கா:
அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பரிசே ஆகாதுன்னு நானும் சொல்ல மாட்டேன். இனிப்பை பரிசாக்கறதுதான் பிரச்சனை. ஒரு குட்டி துண்டை ருசி பார்த்தா ஒரு ஸ்டிக்கர், முழுங்கணும்னு கட்டாயம் இல்லன்னு சொல்லி பண்ணின ஆய்வுகள்ல குழந்தைகளுக்கு அந்த காய் மேல விருப்பம் கூடியிருக்கு. காலி பண்ணினா பரிசுன்னு போடாதீங்க, ருசி பார்த்தா பரிசுன்னு போடுங்க. பிஸ்கட் விஷயம் பார்த்தீங்கன்னா, அது டேபிளுக்கு வர்றதா இல்லையாங்கறதே உங்க முடிவு, அவ முடிவு இல்ல. என்னங்கறது பெரியவங்க கையில இருக்குன்னு சொன்னது இதைத்தான்.

பாட்டி_பேசுறேன்:
அப்போ புள்ளைக்கே தெரியுமா தனக்கு எவ்ளோ வேணும்னு? எனக்கு இன்னும் மனசு ஒப்பல கண்ணு.

உணவியல்_அக்கா:
பாட்டிம்மா, உங்களுக்காகவே ஒரு பழைய சங்கதி சொல்றேன். கிளாரா டேவிஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1920கள்ல ஆரம்பிச்சு 15 குழந்தைகளை பல வருஷம் வச்சு பார்த்தாங்க. தாய்ப்பால் மறந்த பருவத்துல இருந்து, முன்னாடி தட்டுகள்ல வகை வகையா வச்சிருவாங்க, நர்ஸ் பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க, குழந்தை கை நீட்டினா மட்டும் ஸ்பூன்ல எடுத்து குடுக்கணும், சாப்பிடுன்னும் சொல்லக்கூடாது போதும்னும் சொல்லக்கூடாது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு தினுசா சாப்ட்டுது, சில சமயம் முட்டையையே அள்ளி சாப்டும், சில சமயம் பழத்தையே. ஆனா எல்லாரும் நல்லா வளர்ந்தாங்க. ரிக்கெட்ஸோட, அதாவது எலும்பு பலமில்லாம வளையற நோயோட வந்த ஒரு குழந்தை பக்கத்துல வச்சிருந்த மீன் எண்ணெயை தானா குடிச்சுது, எலும்பு சரியான பிறகு அதை தொடல.

பாட்டி_பேசுறேன்:
அந்த தட்டுல பிஸ்கட்டும் மிட்டாயும் இருந்துச்சா?

உணவியல்_அக்கா:
இல்ல பாட்டிம்மா, சரியா பிடிச்சீங்க. சர்க்கரை, மாவு பண்டம் ஒண்ணுமே கிடையாது, எல்லாம் காய், பழம், தானியம், பால், முட்டை, மாமிசம் மாதிரி இயற்கையான சாப்பாடுதான். அந்த லிஸ்ட்லதான் சூட்சுமமே இருக்குன்னு கிளாரா டேவிஸே எழுதினாங்க.

பாட்டி_பேசுறேன்:
அப்படி சொல்லு. அப்போ என்ன வாங்கி வைக்கறோம்ங்கறதுல பெரியவங்க கண்டிப்பா இருக்கணும், வாய்க்குள்ள திணிக்கறதுல கூடாது. இதை ஒத்துக்கறேன். மாமியார்கிட்டயும் இதையே சொல்லுமா, ஊட்டாதீங்கன்னு சொன்னா மனசு நோகும், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கன்னு கேட்டா சந்தோஷமா வருவாங்க.

அமைதி_தேவை:
எல்லாரும் நல்லா சொல்றீங்க, ஆனா நான் ஒண்ணு அழுத்தமா சொல்லணும், ஏன்னா என் பொண்ணுக்கு இந்த அறிவுரை எதுவுமே பொருந்தல. எல்லா குழந்தையும் பிடிவாதத்துல சாப்பிடாம இருக்கறதில்ல. என் பொண்ணு மொறுமொறுன்னு இருக்கறதை மட்டும்தான் சாப்பிடுவா, மெதுவா ஈரமா எது பட்டாலும் குமட்டிடும், வாந்தியே எடுத்துடுவா, பக்கத்துல வேற யாராவது தயிர் சாப்ட்டாலே எழுந்து போயிடுவா. பசிக்கட்டும்னு விட்டு பார்க்க சொன்னாங்க, விட்டோம், அவ சாப்பிடவே இல்ல, எடைதான் இறங்குச்சு. நாங்க பார்த்த முதல் டாக்டர் வளர்ந்தா சரியாயிடும்னு அனுப்பிட்டார், எனக்கு மனசு கேட்காம வேற இடம் போனோம். அங்கதான் ஏஆர்எஃப்ஐடி (ARFID), அதாவது உடம்புக்கு பாதிப்பு வர்ற அளவுக்கு சாப்பாட்டை ஒதுக்கற கோளாறுன்னு ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சுது, 2013ல இருந்து மனநல மருத்துவ கையேட்டுல தனி பேரோட இருக்கிற பிரச்சனை. ஃபீடிங் தெரபி போறோம், அங்க முதல்ல சாப்பிட சொல்றதே இல்ல, தொடறது, நசுக்கறது, முத்தம் குடுக்கறதுன்னு படிப்படியா போறாங்க. எடை ஏறாம நின்னாலோ இறங்கினாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, ஒரு வகையை மொத்தமா, அதாவது மெல்ற சாப்பாடே வேணாம்னு ஒதுக்கினாலோ, சாப்பிடற லிஸ்ட் இருபதுக்கும் கீழ வந்து இன்னும் சுருங்கிட்டே போனாலோ தயவுசெஞ்சு காத்திருக்காதீங்க. @மூணுவயசு_அம்மா உங்க பையன் லிஸ்ட்டும் ரொம்ப சின்னது, பால் குறைச்சும் நீளலன்னா கேளுங்க, ஒரு டாக்டர் தட்டிக்கழிச்சா இன்னொருத்தரை பாருங்க.

உணவியல்_அக்கா:
@அமைதி_தேவை இதை எழுதினதுக்கு நன்றி, இந்த குழந்தைகளை வெறும் பிடிவாதம்னு ஒதுக்கறதுதான் எனக்கும் பெரிய வேதனை. ஆட்டிசம் இருக்கிற குழந்தைகள்ல இது இன்னும் அதிகம். நீங்க சொன்ன அறிகுறி எதுல ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேணாம்.

லஞ்ச்பாக்ஸ்:
காயை அரைச்சு மறைச்சு குடுக்கலாமா? நான் அப்படித்தான் ஓட்டறேன்.

இரட்டைக்குட்டி:
சத்துக்கு பண்ணலாம் சிஸ், ஆனா கூடவே அதே காயை முழுசா கண்ணுக்கு தெரியற மாதிரி ஒரு துண்டு வைங்க. மறைச்சதை கண்டுபிடிச்சுட்டான்னா நல்லா சாப்பிட்டுட்டு இருந்த சாதத்தையும் நம்ப மாட்டான்.

அப்பா_ட்யூட்டி:
அந்த முழு துண்டு வைக்கும்போது ஒரு ஜாக்கிரதை, முழு திராட்சை, கெட்டி கேரட் துண்டு, முழு பருப்பு கொட்டை, பாப்கார்ன் இதெல்லாம் அஞ்சு வயசுக்குள்ள மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய சாமான். திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டுங்க, கேரட்டை வேக வைங்க. முதலுதவி கிளாஸ்ல சொல்லிக்குடுத்தது, இருமி சத்தம் போட்டு கக்கற குழந்தை தானா சமாளிச்சுக்கும், சத்தமே வராம முகம் மாறினாதான் ஆபத்து, உடனே முதுகுல தட்டணும். அதனாலயும்தான் ஓடிட்டே சாப்பிடறதும் போன் பார்த்துட்டே சாப்பிடறதும் வேணாம்ங்கறேன். பால் கதை கேட்ட பிறகு என் பொண்ணு ஜூஸையும் அளந்து பார்த்தேன், அதையும் குறைச்சாச்சு. ஸ்டிக்கரும் வாங்கியாச்சு அக்கா.

மூணுவயசு_அம்மா:
எல்லாருக்கும் அப்டேட். டெஸ்ட் எடுத்தோம், ஹீமோகுளோபின் கம்மி, அவன் வயசுக்கு 11க்கு கீழ போகக்கூடாதாம், இவனுக்கு 9 சொச்சம்தான் இருக்கு. எடை அட்டையில கோட்டுக்குள்ளதான் இருக்கான், விழுங்கறதுல பிரச்சனை இல்லன்னு டாக்டர் பார்த்து சொன்னார். இரும்பு சிரப் குடுத்திருக்கார். பால் இப்போ கப்புல காலைலயும் சாயங்காலமும் மட்டும். ராத்திரி பாட்டிலை நிறுத்தினப்போ நல்லா அழுதான், அவர் தோள்ல போட்டு நடந்தார், அந்த வாரம் வீட்ல யாருமே தூங்கல. மாமியார்கிட்ட பாட்டிம்மா சொன்ன மாதிரியே கேட்டேன், இப்போ அவங்களும் எங்களோட உட்கார்ந்து சாப்பிடறாங்க, சாதத்தை எடுக்கும்போது கண்ணு மட்டும் அவன் பக்கம் போகுது, பரவால்ல. போன் டேபிளுக்கு வர்றதில்ல. அரை மணி நேரத்துல தட்டை எடுத்துடறேன், சில வேளை நாலு வாய், சில வேளை ஒண்ணுமில்ல, ஆனா மதியம் அவனே வந்து நாற்காலியை இழுக்கறான், பசின்னு வாயால சொல்றான், இதை நான் அவன்கிட்ட கேட்டதே இல்ல. காலி கிண்ணமும் வச்சிருக்கேன், முட்டை வெள்ளைக்கரு அதுல போகுது, மஞ்சக்கரு போறதில்ல.

இப்போ சந்தேகம் சிரப்ல. குடுத்தா துப்பறான், சட்டையெல்லாம் கறை, மலம் கருப்பா போகுது, மாமியார் பயந்துட்டாங்க. பால்ல கலந்து குடுத்துடலாமா அக்கா?

உணவியல்_அக்கா:
பால்ல மட்டும் கலக்காதீங்க, பாலை குறைச்சதோட பலனே போயிடும். பாலுக்கும் சிரப்புக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. புளிப்பான பழச்சாறு கொஞ்சத்தோட குடுத்தா வைட்டமின் சி இரும்பை உள்ள இழுக்கும். ஸ்பூன் வேணாம், மருந்து கடையில கிடைக்கற ஊசி இல்லாத சிரிஞ்ச்ல எடுத்து கன்னத்து உள்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, உட்கார வச்சுதான், படுக்க வச்சு இல்ல. பல்லுல கறை படாம இருக்க பின்னாடி பிரஷ் பண்ணிடுங்க. மலம் கருப்பா போறது சிரப்னாலதான், பயமில்லன்னு மாமியார்கிட்ட சொல்லுங்க, ஆனா தார் மாதிரி பிசுபிசுன்னோ ரத்தமாவோ இருந்தா டாக்டரை கூப்பிடுங்க. ஹீமோகுளோபின் சரியான உடனே நிறுத்திடாதீங்க, உடம்புல சேமிப்பு நிரம்ப இன்னும் ரெண்டு மூணு மாசம் ஆகும், டாக்டர் சொல்ற வரைக்கும் குடுங்க, திரும்ப டெஸ்ட் எப்போன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க. இனிப்பா இருக்குன்னு பழகிட்டா தானா எடுத்து குடிக்க பார்ப்பான், இரும்பு அளவு மீறினா சின்ன குழந்தைக்கு உயிருக்கே ஆபத்து, பாட்டிலை பூட்டற அலமாரியில வைங்க.

மூணுவயசு_அம்மா:
ஃப்ரிட்ஜ் மேலதான் இருந்துச்சு, இப்பவே எடுத்து பூட்டி வச்சுட்டேன் அக்கா. சிரிஞ்சுக்கு அவரை கடைக்கு அனுப்பியாச்சு.